மேசைக்கு ஒரு சோடி ஸ்பீக்கர்: கொழும்பில் முதன்முறை வாங்குவோருக்கு

கணினி மேசையில் இருக்கும் ஸ்பீக்கருக்கும் உங்கள் காதுக்கும் இடையே ஒரு கை நீளம்தான் இருக்கிறது. அளந்தால் 60, 70 சென்றிமீற்றர் வரும். ஸ்பீக்கர் வாங்கப் போகும் ஒருவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இந்தத் தூரத்தைத்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கு, நண்பர் வீட்டு ஹோலில் சுவர் அதிரக் கேட்ட பேஸ், கடையின் உயரத் தட்டில் இருந்து முழங்கும் பாட்டு எல்லாம் வேறு தூரத்துக்கு உரியவை. மேசையில் இருந்து கேட்பவருக்குச் சின்னதும் சுத்தமானதுமான ஸ்பீக்கரே போதும். பல நேரங்களில் பெரியதைவிட அதுவே நன்றாகவும் கேட்கும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பத்தடி அறையில் வேலை செய்பவர், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தபடி ஒன்லைன் வகுப்பு எடுப்பவர், தெஹிவளையில் போர்டிங்கில் தங்கிப் படிப்பவர் ஆகியோரை நினைத்தே இதை எழுதுகிறேன். இதுவரை லப்டொப்பின் உள் ஸ்பீக்கரிலும் ஹெட்ஃபோனிலும் மட்டும் கேட்டுப் பழகியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் அளவுநாடா

கடைக்குப் போகுமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மேசையின் அகலம், அடுத்தது முன்விளிம்பிலிருந்து பின்சுவர் வரையான ஆழம். மூன்றாவது, கதிரையில் வழக்கம்போல் இருக்கும்போது மேசைப் பரப்பிலிருந்து உங்கள் காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது.

27 அங்குல மொனிட்டர் கிட்டத்தட்ட 61 சென்றிமீற்றர் அகலம். 4 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு) உள்ள ஸ்பீக்கர் ஒன்று பொதுவாக 14, 15 சென்றிமீற்றர் அகலம் வரும். இரண்டையும் திரையின் இருபுறமும் வைத்தால் 90 சென்றிமீற்றரைத் தாண்டும். மூன்றடி மேசை வெறும் 91 சென்றிமீற்றர்தான். கை பட்டால் விழும் அளவுக்கு ஸ்பீக்கர் விளிம்புக்கு வந்துவிடும். அந்த மேசைக்கு 3 அங்குலச் சோடி அல்லது இன்னும் சிறியது பொருந்தும். நாலடி மேசை என்றால் 4 அங்குலம் தாராளமாக நிற்கும். ஆழத்தை அளக்கும்போது ஸ்பீக்கரின் உடலோடு பின்னால் குத்தும் வயருக்கும் ஐந்து சென்றிமீற்றர் சேர்த்துக்கொள்ளுங்கள். சில மாதிரிகளில் பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) திருகுகள் பக்கவாட்டில் இருக்கும். எடிஃபயர் ஆர்1280டி (R1280T) அப்படியானது. அதைச் சுவரோடு அல்லது அலுமாரியோடு ஒட்டி வைத்தால் திருகுக்கு விரல் போகாது.

என்ன கேட்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டால் பாதித் தெரிவு முடிந்துவிடும். நாளில் பெரும்பகுதி சூம் வகுப்பு, கூட்டம், செய்தி, யூடியூப் பேச்சு என்றால் உங்களுக்கு வேண்டியது குரல் தெளிவு. மனிதக் குரலின் அடிச் சுரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 85 ஹேர்ட்ஸிலிருந்தும் (செக்கனுக்கு 85 அதிர்வு) பெண்களுக்கு 165 அளவிலிருந்தும் தொடங்குகிறது. ஆனால் சொல்லைச் சொல்லாகப் புரிய வைக்கும் ஒலிகள் அதற்கு மேலே, 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் காது பிரித்தறிவதும் அங்கேதான். ஒரு நல்ல 3 அங்குல ஸ்பீக்கர் இந்தப் பகுதியைக் குறையில்லாமல் தரும்.

இசை என்றால் கேள்வி கொஞ்சம் ஆழமாகும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆண் பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடும்போது தம்பூராவின் நடுத் தந்திகள் இரண்டும் 131 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிக்கும், கடைசித் தந்தியான மந்தர சட்சம் 65 ஹேர்ட்ஸில் ஒலிக்கும். 3 அங்குல வூஃபருக்கு 80, 90 ஹேர்ட்ஸுக்குக் கீழே மூச்சு வாங்கும். அந்தக் கடைசித் தந்தியின் அடிச் சுரத்தை அதனால் முழுதாகத் தர முடியாது. ஆனாலும் கேட்பவருக்குத் தந்தி காணாமற்போனதாகத் தோன்றாது. 131, 196, 262 என்று மேலே அடுக்கடுக்காக வரும் இசைவுச் சுரங்களைக் கொண்டு கீழே இருக்க வேண்டியதை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரில் சங்கீதம் கேட்டு மகிழ முடிவது இதனால்தான். பேஸ் கிற்றாரின் கடைசித் தந்தி 41 ஹேர்ட்ஸ். அந்த அதிர்வை நெஞ்சில் உணரவேண்டும் என்பவருக்கு மட்டும் 5 அங்குலம் அல்லது பேஸுக்கு மட்டுமான தனிப் பெட்டியான சப்வூஃபர் தேவைப்படும்.

தொடர்மாடியில் சப்வூஃபர் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கொங்கிரீட் தளம் தாழ்ந்த ஒலியை விழுங்குவதில்லை, கீழ்வீட்டுக்குக் கடத்திவிடும். உங்களுக்கு மெல்லியதாகக் கேட்பது அவர்கள் வீட்டுக் கூரையில் விடாத முனகலாக இருக்கும்.

பவர்ட், அக்டிவ், வாட்

பவர்ட் ஸ்பீக்கர் என்றால் அம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். தனி அம்ப் வாங்க வேண்டியதில்லை. கணினியிலிருந்து ஒரு வயர், சுவரிலிருந்து ஒரு கரண்ட் வயர், அவ்வளவுதான். பெரும்பாலான மேசைச் சோடிகளில் அம்ப் ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கும். அங்கிருந்து மற்றப் பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கர் வயர் ஓடும். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் அக்டிவ் மொனிட்டரில் வூஃபருக்கு ஒரு அம்ப், உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ட்வீட்டருக்கு ஒரு அம்ப் என ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனியே இருக்கும். ஜேபிஎல் 305பி அந்த வகை. அதற்கு இரண்டு கரண்ட் பொயின்ட் வேண்டும், வொலியூம் திருகும் இரண்டு பெட்டிகளிலும் பின்புறத்தில் இருக்கிறது. தினமும் பாவிக்கப் போகிறவர் இந்தச் சின்ன விஷயத்தை வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

வாட் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் எண் இருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். ஒரு கணத்தின் ஒரு துளியில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் அந்த எண்ணுக்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது. ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கும் எண்தான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதையும் பெரிதாகத் துரத்த வேண்டியதில்லை. 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் 85 டெசிபெல் சத்தம் தரும் ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். ஆக உங்கள் கை நீளத் தூரத்தில் ஒரு ஸ்பீக்கரே 1 வாட்டில் 90 டெசிபெலுக்குக் கிட்ட வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணித்தியாலம் பாதுகாப்பாகக் கேட்கலாம் என்று சொல்லும் அளவு 80 டெசிபெல்தான். அதை எட்ட ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கே போதும். தவில் அடி விழும்போதோ சினிமாவில் வெடி வெடிக்கும்போதோ எழும் உச்சங்களுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும் என்று வைத்தாலும், பக்கத்துக்கு 15, 20 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் அந்த மேசையில் குறை வராது. சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல். 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் இடையே காது உணரும் வித்தியாசம் அவ்வளவு சிறியது. அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் காசை நல்ல ட்வீட்டருக்கும் உறுதியான பெட்டிக்கும் கொடுங்கள்.

அங்குலத்தின் கதை வேறு. ஒரே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி ஹேர்ட்ஸுக்கு, இறங்க வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு முன்னும் பின்னும் ஆட வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு இடமில்லை. சின்னப் பெட்டியில் பெரிய பேஸ் என்று விளம்பரம் சொன்னால், பெரும்பாலும் 100, 120 ஹேர்ட்ஸ் பகுதியைச் செயற்கையாகத் தூக்கி வைத்திருப்பார்கள். முதல் பாட்டில் அது இனிக்கும். ஒரு மணித்தியாலம் போனால் ஆண் குரல்கள் எல்லாம் பானைக்குள் இருந்து பேசுவதுபோல் அடைத்துக்கொண்டு வரும்.

அதிர்வெண் வீச்சைப் பார்க்கும்போது பக்கத்தில் எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அது இல்லாத 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் என்ற வரிக்குப் பயன் இல்லை.

பெயர் சொல்லித் தேட விரும்புவோருக்குச் சில மாதிரிகள். சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவின் பெபிள், 2 அங்குல ஸ்பீக்கர்கள் 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தபடி, யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும். சக்தி 4.4 வாட். வகுப்புக்கும் செய்திக்கும் இடமில்லாத மேசைக்கும் நல்ல தொடக்கம். பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 பக்கத்துக்கு 25 வாட், 80 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் என்று நிறுவனமே நேர்மையாக எழுதியிருக்கிறது. குரலுக்கும் வாத்தியத்துக்கும் எனக்குப் பிடித்த அளவு இதுதான். எடிஃபயர் ஆர்1280டி 4 அங்குலம், மொத்தம் 42 வாட். புளூடூத்தும், ஒளி வழியே ஒலியைக் கடத்தும் ஒப்டிக்கல் வயர் வசதியும் வேண்டுமானால் அதே வரிசையில் ஆர்1280டிபி இருக்கிறது. அதே நிறுவனத்தின் எம்ஆர்4 ஸ்டூடியோப் பாணியில் பேஸைத் தூக்காமல் பேசும். பாட்டுப் பதிவு செய்து பழகுகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

வயர்கள்

இங்கே நீட்ட ஒன்றுமில்லை. டெஸ்க்டொப் என்றால் பின்புறத்துப் பச்சைத் துளையில் குத்துங்கள். முன்புறத் துளைக்கு உள்ளே நீளமாக ஓடும் வயர் கணினியின் இரைச்சலையும் ஏந்தி வரும். ஒரு பக்கம் 3.5 மில்லிமீற்றர், மறுபக்கம் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ உள்ள வயர் ஒன்று பெரும்பாலான சோடிகளுக்குப் போதும். மவுஸை அசைக்கும்போது ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்டால் கணினிக்கு வெளியே ஒலியை மாற்றித் தரும் சின்ன யூஎஸ்பி டாக் (DAC) ஒன்று அதைத் தீர்க்கக்கூடும். புளூடூத் ஃபோனில் பாட்டுப் போட வசதிதான். ஆனால் ஒலி கொஞ்சம் பிந்தி வரும் என்பதால் விளையாட்டுக்கும் பதிவுக்கும் ஆகாது. வயர் வசதி இல்லாமல் புளூடூத் மட்டும் உள்ளதை மேசைக்கு வாங்க வேண்டாம்.

கரண்ட்

இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவோ அமெரிக்காவிலிருக்கும் அக்காவோ ஆசையாகக் கொண்டுவந்து தரும் ஸ்பீக்கர் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருக்கலாம். ஜப்பான் பொருள் 100 வோல்ட். ஃபோன் சேர்ஜர் எல்லா வோல்ட்டேஜுக்கும் ஒத்துப்போவதால் ஸ்பீக்கரும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பல மேசை ஸ்பீக்கர்களுக்குள் பழைய பாணி ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கிறது. அதை நேரே சுவரில் குத்தினால் சில நிமிடங்களில் கருகும். பின்பக்க லேபலைப் படியுங்கள். 100–240 அல்லது 220–240 என்று இருந்தால் சரி. 120 மட்டும் இருந்தால் பிளக் மாற்றி உதவாது, வோல்ட்டேஜைக் குறைக்கும் தனி ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். லண்டனிலிருந்து வந்தது என்றால் கவலையில்லை. வோல்ட்டேஜும் ஒன்று, 13 அம்பியர் சதுரப் பின்னும் ஒன்று.

பழைய கொழும்பு வீடுகளில் இன்னும் உருண்டைப் பின் 5 அம்பியர் பொயின்ட்கள் இருக்கின்றன. அதில் மாற்றி போட்டு, மாற்றியில் எர்த் இல்லாத மலிவு எக்ஸ்டென்ஷன் போட்டு, அதில் கணினியையும் ஸ்பீக்கரையும் ஓட்டுபவர்கள் பலர். கணினியின் உடலைத் தொட்டால் மெல்லியதாகச் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்பதற்கான அறிகுறி அது. ஸ்பீக்கரில் வரும் ம்ம்ம் என்ற இரைச்சலுக்கும் பல வீடுகளில் அதுவே காரணம். மறுபக்கம், எர்த் இருந்தும் கணினி ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் வேறு சுவரிலும் குத்தப்பட்டிருந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சுற்று உண்டாகி அதே இரைச்சல் வரலாம். இரண்டையும் எர்த் உள்ள ஒரே நல்ல எக்ஸ்டென்ஷனில் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஒப்டிக்கல் வயர், அல்லது ஸ்பீக்கரில் வசதியிருந்தால் இரைச்சலை ஏந்தாத பலன்ஸ்ட் வயர். எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்க வேண்டாம். அந்தப் பின் உங்கள் உயிருக்காக இருக்கிறது.

கரண்ட் போகும்போது யூபிஎஸ்ஸில் ஸ்பீக்கரையும் ஓட்ட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். மலிவு யூபிஎஸ் பலவும் பட்டரியில் ஓடும்போது சீரான சைன் அலையைத் தருவதில்லை. ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள ஸ்பீக்கர் அதில் முனகும். ஸ்பீக்கரை வெளியே குத்திவிட்டு, கரண்ட் இல்லாத நேரம் ஹெட்ஃபோனில் கேளுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். அந்த நேரம் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் மனிதரைக் காக்கத்தான், மின்னலிலிருந்து அம்ப்ளிஃபயரை அது காக்காது.

கடற்காற்று

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. பம்பலப்பிட்டி முதல் தெஹிவளை வரை, காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களின் யன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். அதே உப்பும் ஈரமும் ஸ்பீக்கரின் பின்பக்கத் துளைகளிலும் வொலியூம் திருகுக்குள்ளும் படிகிறது. முதலில் திருகும்போது கரகர என்று வரும். பிறகு ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். பலர் அப்போது ஸ்பீக்கர் பழுது என்று தூக்கிப் போடுகிறார்கள். கரண்டை அணைத்துக் கழற்றிவிட்டு, வயர் முனைகளைச் சில தடவை உருவிக் குத்துவதும், திருகை முழுதாக இரு பக்கமும் பல தடவை திருப்புவதும் பாதிப் பேருக்குத் தீர்வு தரும். மீதிக்கு எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கொன்டக்ட் கிளீனர் இருக்கிறது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது வூஃபர் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம். றப்பர் என்றால் நல்லது. ஸ்பொஞ்ச் வளையம் நம் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஆண்டுகள் போகப் பொடிந்து உதிரும். பெட்டி பெரும்பாலும் எம்டிஎஃப் எனப்படும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேசையை ஈரத் துணியால் துடைக்கும்போது அடியில் தண்ணீர் தங்கினால் ஊதிப் பிளக்கும். சின்ன றப்பர் பாதம் ஒட்டித் தூக்கி வையுங்கள். பாவிக்காத நேரம் மெல்லிய துணி ஒன்றால் மூடலாம், ஓடும்போது மூடக் கூடாது. மாதக்கணக்கில் அலுமாரிக்குள் பூட்டி வைப்பதைவிடக் கிழமைக்குச் சில மணித்தியாலம் ஓடவிடுவது நல்லது. உள்ளே எழும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும்.

கடையில்

பம்பலப்பிட்டியில் யூனிற்றி பிளாஸா கணினிப் பொருள்களுக்குப் பேர்போன இடம். பக்கத்திலேயே மஜெஸ்டிக் சிற்றி. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. விலை பேச அங்கே இடமுண்டு, ஆனால் அந்த இரைச்சலில் ஸ்பீக்கரைக் கேட்டு முடிவெடுக்க முடியாது. ஸ்டூடியோ வகையைத் தேடுபவர்கள் இசைக்கருவிக் கடைகளிலும் விசாரிக்க வேண்டும். வார நாளில் காலை கடை திறந்த கையோடு போனால் ஆறுதலாகக் கேட்கலாம்.

உங்கள் லப்டொப்பையும் ஒரு வயரையும் கொண்டு போங்கள். வட்ஸ்அப்பில் வந்த நசுங்கிய பாட்டு வேண்டாம், நல்ல தரத்தில் இறக்கியது நாலைந்து போதும். எல்லாம் உங்களுக்கு மனப்பாடமானதாக இருக்கட்டும். நான் வைத்துக்கொள்ளச் சொல்வது இவற்றை: ஒரு தமிழ்ச் செய்தி வாசிப்பு, தம்பூராவோடு ஒரு குரல், நாதஸ்வரமும் தவிலும், பேஸ் கிற்றார் தெளிவாக ஓடும் ஒரு திரைப்பாட்டு. “நானா, இதை மேசையில் வைத்து ஒருக்கால் போட்டுக் காட்டுவீங்களா?” என்று தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தட்டில் இருப்பதை அங்கேயே வைத்துக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். காது உயரத்துக்கு வரட்டும், கை நீளத்தில் நீங்கள் இருங்கள்.

செய்தியில் ழ, ள பிரிகிறதா, சகரம் ஊசியாகக் குத்துகிறதா என்று கவனியுங்கள். நாதஸ்வரம் மேலே ஏறும்போது காது கூசினால் ட்வீட்டர் மலிவானது. தவிலின் வலந்தலை (வலப்பக்க) அடி ஒவ்வொன்றும் தனித்தனியே விழ வேண்டும், தொப்பி (இடப்பக்க) நாதம் அவற்றை மூடக் கூடாது. இரண்டு சோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும், விற்பவர்களுக்கு அது தெரியும்.

பிறகு பாட்டை நிறுத்தி வொலியூமை முழுதாகக் கூட்டுங்கள். உஸ் என்ற ஒலி கொஞ்சம் வரும், அது இயல்பு. கை நீளத்திலிருந்து தெளிவாகக் கேட்குமானால் இரவின் அமைதியில் உங்களைத் தொந்தரவு செய்யும். அடுத்து மிகக் குறைந்த சத்தத்தில் குரலைப் போட்டுக் கேளுங்கள். மலிவுத் திருகுகளில் அந்த இடத்தில் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் வரும். இரவில் நீங்கள் கேட்கப் போவது அந்தச் சத்தத்தில்தான்.

விலை சொல்லும்போது வட் வரி சேர்த்தா, வங்கி அட்டைக்கும் காசுக்கும் வேறு விலையா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வட் 18 வீதம், சேர்க்காத விலையை நம்பிப் போனால் கணக்கு உதைக்கும். உத்தரவாதம் ஏஜென்ட் தருவதா, கடை தருவதா, பழுதானால் திருத்தித் தருவார்களா மாற்றித் தருவார்களா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள், தொடர் இலக்கத்தோடு. வாய்ச்சொல் பின்னர் செல்லாது. பில் இருந்தும் கடை கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

பழையது வாங்குவதில் தவறில்லை, நல்ல ஸ்பீக்கர் பல ஆண்டு உழைக்கும். ஆனால் விற்பவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டு, முன்வலையைக் கழற்றி வளையத்தைப் பார்த்து, கூம்பை விரல்களால் மெதுவாக, நேராக அமுக்கி உரசுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடலோர வீட்டிலிருந்து வருவதென்றால் பின்பக்கத் துளைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

மேசையில் வைக்கும் முறை

பாதித் தரம் இங்கேதான் இருக்கிறது, இதற்குச் செலவும் இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்குள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். முகம் உங்களை நோக்கித் திரும்பட்டும். பாடும் குரல் திரையின் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்டால் சரியாக வைத்துவிட்டீர்கள்.

ட்வீட்டர் காதைப் பார்க்க வேண்டும். 23 சென்றிமீற்றர் உயரப் பெட்டி ஒன்றை மேசையில் வெறுமனே வைத்தால் அது உங்கள் நெஞ்சைப் பார்த்துத்தான் பாடும். ஒலி மேசைப் பரப்பில் பட்டுத் தெறித்து ஒரு கணம் பிந்தி வந்து நேர் ஒலியோடு மோதி, குரலைக் கலங்கச் செய்யும். சாய்வான ஸ்டாண்ட், மரக்கட்டை, தடித்த புத்தகங்கள் எதுவானாலும் சரி, பத்துப் பதினைந்து சென்றிமீற்றர் தூக்கி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். செய்தி வாசிப்பவரின் குரலில் வித்தியாசம் உடனே தெரியும்.

சுவரும் மூலையும் பேஸைப் பெருக்கும். நம் அறைகளில் சுவர் கொங்கிரீட் அல்லது கல், தரை டைல், கம்பளம் கிடையாது. அதனால் பெருக்கம் இன்னும் கூட. ஸ்பீக்கரின் பின்னால் காற்றுத் துளை இருந்தால் சுவரிலிருந்து 15, 20 சென்றிமீற்றர் தள்ளி வையுங்கள். அதற்கு இடமில்லாத மேசை என்றால் முன்பக்கத் துளை உள்ள மாதிரியைத் தேர்ந்திருக்க வேண்டும். வாங்கியாகிவிட்டது என்றால் துளைக்குள் சுருட்டிய சின்னத் துணி ஒன்றைச் செருகுங்கள். முனகல் அடங்கி குரல் தெளியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு தடித்த திரைச்சீலையோ புத்தக அலுமாரியோ இருந்தால் எதிரொலி குறையும்.

ஸ்பீக்கர் வயரை இணைக்கும்போது இரு பக்கமும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறினால் எதுவும் எரியாது, ஆனால் ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும். பேஸ் காணாமற்போய், குரல் நடுவை விட்டுத் தலையைச் சுற்றி மிதக்கும். புதிய ஸ்பீக்கர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகுமுன் இதை ஒருமுறை பாருங்கள்.

கணினியின் சத்தத்தை 80 வீதத்துக்கு மேல் வைத்து, கூட்டிக் குறைப்பதை ஸ்பீக்கர் திருகில் செய்யுங்கள். விண்டோஸில் ஒலி மேம்படுத்தல் என்று இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரைக் கடைசியாகப் போட்டு முதலில் அணைக்கும் பழக்கம் இருந்தால், கணினி எழும்போது வரும் டொம் என்ற அடி கூம்புக்கு விழாது. மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது ஸ்பீக்கர் தானாக உறங்கிவிடுகிறது என்றால் பின்பக்கத்தில் அதற்கான சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள், பல மாதிரிகளில் உண்டு.

இரவு பத்துக்குப் பிறகு பேஸ் திருகை இரண்டு படி குறையுங்கள், பெட்டிகளுக்கு அடியில் மெத்தென்ற றப்பர் அல்லது ஸ்பொஞ்ச் விரிப்பு இருக்கட்டும். மேசையைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டுக்குச் சுவர் வழியே போகும் அதிர்வு அந்த இடைவெளியில் குறைந்துவிடும்.